கரண்டிக் காம்புச் சாவி

என் இடது கையில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. மற்ற இரண்டும் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஆளைப் பார்த்துப் பதில் சொல்வது என் வழக்கம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் முதலை என்றேன். பல் மருத்துவரிடம், இன்னொரு பல் மருத்துவர் என்றேன். அஞ்சலகத்தில் ஓர் அம்மாளிடம், ஒருவருக்கு இரவல் கொடுத்தேன், மனிதர் வீடு மாற்றிப் போய்விட்டார் என்றேன். அந்த அம்மாள் உச்சுக்கொட்டிவிட்டு, முகவரியை எழுதி வாங்கியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

நடந்தது இவ்வளவுதான்: ஒரு பெட்டிக்குள் கையை விட்டுச் சாவி முறுக்கிக்கொண்டிருந்தேன். நான் கையை எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு லாரி வந்தது.

பெட்டி என்றால் கேமராப் பெட்டி. சினிமாவில் கார் பாய்ந்து வந்து உங்கள் முகத்தின் மேலேயே ஏறுகிறதல்லவா, அந்த இடத்தில் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். நல்ல கேமராவை வைத்தால் முதலாளிக்கு நெஞ்சு அடைக்கும். கேமராக்காரரை வைத்தால் அடுத்த நாள் வேறு ஆள் தேட வேண்டும். ஆகவே சாவதற்கென்றே சில கேமராக்கள் தேவைப்பட்டன. அவற்றைத் தயார் செய்தவன் நான். தொழிலில் என்னைப் பெட்டிக்காரர் என்பார்கள்.

செய்திப்படக்காரர்கள் கழித்துப் போட்ட கேமராக்கள் பழைய இரும்புக் கடைகளில், இஸ்திரிப் பெட்டிக்கும் தையல் மிஷின் தலைக்கும் நடுவே கிடக்கும். மின்சாரம் கேட்காது. சுவர்க் கடிகாரம் மாதிரி சாவி கொடுத்தால் உள்ளே இருக்கும் சுருள்வில் அரை நிமிடம் ஓட்டும். வாங்கி வந்து, மூன்று லென்ஸ் இருக்கும் இடத்தில் கீறல் விழுந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றதைக் கழற்றிவிடுவேன். கால் அங்குல இரும்புத் தகட்டில் பெட்டி அடித்து, பழைய மெத்தைப் பஞ்சைத் திணித்து, முன்னால் தடித்த கண்ணாடி பொருத்துவேன். ஓட்டும் பித்தானில் சைக்கிள் பிரேக் கம்பியை மாட்டி, கம்பியோடு கயிற்றைக் கட்டி அறுபதடி நீட்டிவிடுவேன். தூரத்தில் ஒருவர் கயிற்றை இழுத்தால் கேமரா ஓடும். அப்புறம் அதன் மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்.

நான்காம் நம்பர் கேமரா ஒரு முறை பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. பதினோராம் நாள் ஒரு வலையில் சிக்கியது. பிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒரு மீன் கொட்டாவி விடுகிறது. இயக்குநருக்கு மிகவும் பிடித்துப்போய், கதாநாயகிக்கு அதைப் போட்டுக் காட்டி, இப்படி இயல்பாக நடிக்க வேண்டும் என்றார். ஏழாம் நம்பர் ரயிலில் மோதியது. பெட்டி சிதறி, லென்ஸ் மட்டும் என்ஜின் முகத்தில் பதிந்துவிட்டது. இரண்டு வருடம் அது அப்படியே ஓடியது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் அதில் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள். நம்பாதவர்கள் அந்த என்ஜினைப் போய்ப் பார்க்கலாம். உருக்கியிருப்பார்கள்.

விரல்கள் போனபிறகு நானே ஒரு விதி செய்தேன். கேமராச் சாவியைக் கழற்றி எடுக்கும்படி மாற்றினேன். ஒரு கேமராவுக்கு ஒரே சாவி. முறுக்கி முடித்ததும் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்க் கார் ஓட்டுபவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டிவிட்டுப் பல்லில் கடித்துக்கொள்வார். அதைப் பார்த்துத்தான் விசில். விசில் கேட்டுத்தான் கயிறு. கயிறு இழுத்த பின்தான் கார். ஓட்டுபவர் பல்லில் சாவி இருந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் உயிர் எதுவும் இல்லை என்று அர்த்தம். சண்டைக்காரர்கள் சங்கம் இதை அப்படியே ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு வருடம் ஒருவர் நகம்கூடப் பெயரவில்லை.

சாவியைக் கடிப்பவர் பெரும்பாலும் என் தங்கையின் கணவர்தான். தொழிலில் அவருக்குக் கோடு என்று பெயர். சாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, இதன் மேல் வா என்றால் டயர் கோட்டைவிட்டு இம்மியும் விலகாது. கோட்டின் முடிவில் சுவர் இருந்தாலும் சரி. ஒரு முறை கோடு போட்டவன் தும்மியதில் கோடு நெளிந்துவிட்டது. இவர் காரும் அதே இடத்தில் தும்மியது என்று நான் சொல்லித் திரிந்தேன். அவர் மறுக்கவில்லை.

மாடியில் அவர்கள் வீடு, கீழே என் பட்டறை, இடையில் பதினான்கு படிகள். சாப்பாடு எனக்கு மாடியில்தான்.

"அண்ணா, என் நீளக் கரண்டியைப் பாத்தியா? காம்புல பூப் போட்டிருக்குமே, அது" என்று தங்கை ஒரு நாள் கேட்டாள்.

"முதலை எடுத்துட்டுப் போயிருக்கும்."

"முதலைக்கு ரெண்டு விரல் போதலையாமா? கரண்டி வேற கேக்குதா?"

கோடு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "விரலைச் சாப்பிடக் கரண்டி வேணும்ல. மச்சான் விரல் நாறும், கையால தொட முடியாது."

மூன்று பேரும் சிரித்தோம். கரண்டி அப்போது கீழே பட்டறையில் இரண்டு துண்டாக இருந்தது. காம்பை அரத்தால் ராவி, ஒன்பதாம் நம்பர் கேமராவுக்கு மாற்றுச் சாவி செய்திருந்தேன். நுனியில் இருந்த பூவை மட்டும் ராவ மனம் வரவில்லை, நல்ல வேலைப்பாடு.

ஏன் செய்தேன் என்றால், முட்டி வலி. பெட்டியிலிருந்து கார் நிற்கும் இடம் நானூறு அடி. சில நாள் முறுக்கி வைத்த பிறகு மேகம் வரும், நடிகர் வரமாட்டார், யாராவது கயிற்றில் தடுக்கிக் கேமரா வீணாக ஓடிவிடும். மறுபடி முறுக்க வேண்டும் என்றால் நானூறு அடி போய்ச் சாவி வாங்கி, நானூறு அடி வந்து முறுக்கி, மறுபடி நானூறு அடி போய்க் கொடுத்து வர வேண்டும். மாற்றுச் சாவி என் சட்டைப் பையில் இருந்தால் குனிந்து நிமிர்வதோடு வேலை முடிந்தது. இரண்டு வாரம் யாருக்கும் தெரியாமல் அப்படித்தான் செய்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விதியைச் செய்தவனுக்கு அதில் ஓட்டை போடவும் தெரியும் என்று உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

ஒரு நாள், புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத ஒரு சாலையில் வேலை. சாலை நடுவே இடுப்பளவு குழி தோண்டி, லென்ஸ் சாலை மட்டத்தில் நிற்கும்படி அதில் பெட்டியை வைத்தோம். புகை போடுவார்கள். புகையைக் கிழித்துக்கொண்டு கார் வந்து குழியைத் தாண்டி, அதன் வயிறு லென்ஸுக்கு மேலே போக வேண்டும். இடது பக்கம் ஓடைப் பாலத்தின் கல்சுவர். வலது பக்கம் புகை ஊதும் என்ஜின், அதைச் சுற்றி ஆட்கள்.

சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோடு ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முழுசா முறுக்கியாச்சா மச்சான்?"

"இதுக்கு மேல முறுக்கினா கேமரா பின்பக்கமா ஓடும்."

"போன படத்துல என் மூஞ்சியே தெரியலைன்னு உங்க தங்கச்சி சண்டை."

"தெரிஞ்சா ஜனங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க மாப்ளே."

"இந்தத் தடவை தெரியணும். சொல்லிட்டேன்" என்றார். சாவியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் திரும்பி வந்து பார்த்தால், கயிறு இழுக்கும் உதவியாளர் மணல்மூட்டைக்குப் பின்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். காலில் கயிறு மாட்டிக் கேமரா பதினைந்து நொடி ஓடிவிட்டதாம். கார் வந்து சேரப் பத்தொன்பது நொடி. மிச்சம் இருக்கும் முறுக்குப் போதாது. "முறுக்கிட்டு வந்துடுறேன்" என்றேன். அவர் தலையாட்டினார்.

சொன்ன நானும் கேட்ட அவரும் ஒரே வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டோம். அவர் வரையில், முறுக்குவது என்றால் நான் நானூறு அடி நடந்து சாவி வாங்கப் போகிறேன். சாவி இல்லாத கார் கிளம்பாது. ஆகவே விசில் கேட்டால், நான் முறுக்கி, கொடுத்து, ஒதுங்கி, எல்லாம் முடிந்தது. அவர் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கார்ப் பக்கம் இருந்தவர்கள் கணக்கிலும் பிழை இல்லை. சாவி கோட்டின் கையில் இருந்தது.

நான் குழியில் இறங்கினேன். புகை அதற்குள் மூடிவிட்டது. ஊதும் என்ஜின் இரைச்சலில் என் இருமல் எனக்கே கேட்கவில்லை. கரண்டிச் சாவியால் முறுக்கினேன், எடுத்தேன், பெட்டியைப் பூட்டினேன். ஏறிப் போயிருக்கலாம். முன்கண்ணாடியில் புகைக் கரி படிந்திருந்தது. மாப்ளை முகம் தெரிய வேண்டுமே என்று சட்டை நுனியால் துடைத்தேன்.

துடைத்துக்கொண்டிருக்கும்போது என் உள்ளங்கைக்குக் கீழே கேமரா ஓட ஆரம்பித்தது.

பெட்டியில் அது தேனீ மாதிரி அதிரும். அந்த அதிர்வை முப்பது வருடமாக எனக்குத் தெரியும். கயிறு இழுத்தாகிவிட்டது, அதற்கு முன் விசில் ஊதியாகிவிட்டது, அதற்கும் முன் சாவியைக் காட்டியாகிவிட்டது என்று வரிசையாக விளங்கியது. விளங்கியதே தவிர கால் எழவில்லை. நான் குதித்தேன், பறந்தேன், குட்டிக்கரணம் போட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் குழியில் நின்றேன், பிடித்து வைத்த மாதிரி.

கார் புகையிலிருந்து வெளியே வந்தபோது எங்களுக்கு நடுவே முப்பது முப்பத்தைந்து அடி இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார். வலது பக்கம் என்ஜினும் ஆட்களும். இடது பக்கம் சுவர்.

சுவர் சத்தம் என்ஜின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். புகையில் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

கோட்டின் உயிர் மருத்துவமனை வரைகூடத் தாங்கவில்லை.

"கடைசி நொடியில பயந்து வளைச்சுட்டார், புகைல ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று இயக்குநர் விசாரித்தவர்களிடம் சொன்னார். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. என்னைக் கேட்டார்கள். நான் புகை என்ஜின் பக்கம் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் நின்றேன் என்றேன். கேமராவில் ஏதாவது இருக்கிறதா என்றார்கள். கேமரா மூடி சரியாக மூடாமல் வெளிச்சம் புகுந்து பிலிம் பாழ் என்றேன். மீன் கொட்டாவியை நம்பாத ஆட்கள் இதை மறுபேச்சில்லாமல் நம்பினார்கள்.

பிலிம் பாழாகவில்லை. பட்டறை அலமாரியில் டப்பாவில் இருந்தது. மூடியைத் திறந்து ஜன்னல் பக்கம் காட்டினால் போதும், என் பொய் உண்மையாகிவிடும். இரண்டு நொடி வேலை. தினமும் டப்பாவை எடுப்பேன், வைப்பேன்.

சங்கக் கூடத்தில் ஒரு சுவர் உண்டு. வேலையில் செத்தவர்களின் படங்கள் அதில் மாட்டியிருக்கும். அப்போது பதினோரு படங்கள். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்து செத்திருக்க வேண்டும். பயந்து பின்வாங்கியதால் செத்தவருக்கு அந்தச் சுவரில் ஆணி கிடையாது. கொடுமையான விதிதான். தினமும் பயப்படுகிறவர்கள் செய்த விதி.

தங்கை மூன்று முறை சங்கத்துக்கு நடந்தாள். செயலாளருக்கு மூக்கு என்று பெயர். நான்கு முறை உடைந்து, இப்போது முகத்தில் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல முடியாது. அவர் நல்லவர். "செட்ல இருந்த பதினாறு பேரும் வளைச்சான்னுதாம்மா சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்? ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடுது. கேட்டுப் பாக்குறேன்" என்றாராம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன் இவள் காதில் விழும்படியே, "கோடு கடைசில கொக்கியாயிடுச்சு" என்றானாம்.

அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இதைச் சொன்னாள். சின்னக் கரண்டியால் போட்டாள், பெரிய கரண்டிதான் இல்லையே.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ணா. சுவத்துல ஒரு ஆணி. அவ்வளவுதான் கேக்குறேன். அவரு வளைக்கிற ஆளா?"

"இல்ல."

"நீ பீப்பாய்க்குப் பின்னாடி நின்ன. உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"புகை" என்றேன்.

"அந்தப் பொட்டிதான் எல்லாத்தையும் பாத்துச்சு. அதுவும் குருடாப் போச்சு" என்றாள். பிறகு மருத்துவமனையில் கொடுத்த அவர் கடிகாரத்தையும் ஒன்பதாம் நம்பர் சாவியையும் எடுத்துத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். சாவியில் பல் தடம் இருந்தது.

சனிக்கிழமை பகலில் என் குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்துவிட்டுப் பிலிமைக் கழுவினேன். மருந்து கலக்கியது கரண்டியின் தலைத் துண்டால். வேறு எதுவும் கைக்கு அகப்படவில்லை. பிரதி போட நேரமில்லை. நெகட்டிவைக் காயவைத்துச் சுற்றினேன், பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பழைய புரொஜெக்டரில் மாட்டினேன். மூக்கும் கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் இருந்தார்கள். தங்கை முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"வெளிச்சம் பட்டுடுச்சுன்னீங்களே?" என்றார் மூக்கு.

"பொய்."

"அதானே பாத்தேன். உங்க வாயில உண்மை வந்தா நாக்கு சுளுக்கிக்குமே" என்று ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

படங்கள் மாட்டியிருந்த சுவருக்கு எதிர்ச்சுவரில் ஓட்டினேன். நெகட்டிவ் என்பதால் எல்லாம் தலைகீழ் நிறம். கறுப்புப் புகை. வெள்ளைத் தார்ச்சாலை. முதலில் கயிறு தடுக்கி வீணாக ஓடிய வெற்றுச் சாலை. பிறகு ஒரு கறுத்த கை வந்து சுவர் முழுவதையும் துடைத்தது. மூன்று விரல். அதில் இரண்டின் நடுவே ஒரு சாவி, சாவி நுனியில் ஒரு பூ. கை அப்படியே நின்றது. அப்புறம் ஓரத்துக்கு நகர்ந்தது. போகவில்லை, ஓரத்தில் மூன்று விரலும் தெரிந்துகொண்டே இருந்தன.

கறுப்புப் புகையைக் கிழித்துக்கொண்டு கார் வந்தது. அதன் முன்பகுதி சுண்ணாம்புக் கோட்டின் மேல். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் நன்றாகவே தெரிந்தது, அவர் கேட்ட மாதிரி. கறுத்த முகம், வெள்ளை விழி. பல்லில் சாவி. கண் அகன்றது. சாவி வாயிலிருந்து விழுந்தது. உதடு ஒட்டி, பிரிந்து, அகலமாகத் திறந்தது. கார் இடது பக்கம் போனது. வெற்றுச் சாலை கொஞ்ச நேரம் ஓடியது. சுருள்வில் தளர்ந்து நின்றது.

"ஏதோ சொல்றான்" என்றார் மூக்கு. "திரும்பப் போடுங்க."

போட்டேன். கை, பூ, புகை, கார், உதடு.

"மச்சான்னு சொல்றாரு" என்றாள் தங்கை.

மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை. விளக்கைப் போட்டேன். சட்டைப் பையிலிருந்து கரண்டிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஒரு கேமராவுக்கு ஒரே சாவின்னு சொன்னது நீங்கதானே?" என்றார் மூக்கு. அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"நான்தான்."

"அப்புறம் இது எதுக்கு?"

முதலை, பல் மருத்துவர், மீன் எதுவும் வாயில் வரவில்லை. "முட்டி வலி. நானூறு அடி நடக்கணும்" என்றேன்.

கமிட்டியில் ஒருவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கு இழுப்பறையில் துழாவி ஓர் ஆணியை எடுத்தார். சுத்தியல் கிடைக்கவில்லை. சாட்சிக்கென்று தூக்கி வந்திருந்த ஒன்பதாம் நம்பர் பெட்டியின் இரும்பு மூடியைக் கழற்றிக் கொடுத்தேன். அதனால் அடித்தார். தங்கை பையிலிருந்து படத்தை எடுத்தாள். அந்த மூன்று முறையும் அதைக் கையோடு கொண்டுபோயிருக்கிறாள். பன்னிரண்டாவதாக மாட்டினார்கள். லேசாகச் சாய்ந்திருந்தது. அவளே போய் நேராக்கினாள். விலகி நின்று பார்த்தாள், மறுபடி நேராக்கினாள்.

மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். எனக்குச் சங்கத்தில் இனி வேலை இல்லை என்று மூக்கு சொன்னதும், விசாரித்தவர்களிடம் நானே போய் நடந்ததைச் சொன்னதும் மறுநாள் நடந்தவை.

வீட்டுக்கு வந்ததும் பட்டறையிலிருந்து கரண்டியின் தலையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். கழுவி வைத்த தட்டுகளுக்குப் பக்கத்தில் அவருடைய கடிகாரம், பல் தடம் பட்ட சாவி, பூப்போட்ட சாவி. தலையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். மருந்து வாடை அடித்திருக்கும். அதையும் அந்த வரிசையில் வைத்தாள்.

திட்டுவாள் என்று நின்றேன். கரண்டியை எடுத்து எறிவாள் என்றுகூட நினைத்தேன். எறிந்திருந்தால் விலகியிருக்கமாட்டேன், சத்தியமாக.

"பெட்டிக்காரரே" என்றாள்.

அவள் பேசப் பழகின நாள் முதல் என்னை அண்ணா என்றும் நீ என்றும்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

"படியில பாத்து இறங்குங்க. முட்டி வலின்னீங்களே."